பீரங்கி இருந்த இடம்

18.1.1978, புதன். குடியாத்தம்.

மகள் அம்சவேணியின் கல்யாணப் பத்திரிகை வாசகத்தைச் சம்பந்தி வீரபாகு ஜோலார்பேட்டையிலிருந்து திருத்தி அனுப்பியிருக்கிறார். தம் பெயருக்குக் கீழே ‘போர்க்கப்பல் பாலாறு, ஓய்வு’ என்று எழுதிக்கொண்டது அவர் உரிமை. என் பெயருக்குக் கீழே இருந்த ‘கடலாய்வுக் கப்பல் பாலாறு, ஓய்வு’ என்பதை அடித்துவிட்டார். ஒரே கப்பலை இரண்டு விதமாகப் போட்டால் ஊர் சிரிக்குமாம்.

வரலாறு இதுதான். பாலாறு 1943இல் போருக்குக் கடலில் இறங்கியது. 1954 மார்ச்சில் பம்பாயில் பீரங்கிகளைக் கழற்றி, கடலின் ஆழம் அளக்கும் கப்பலாக மாற்றினார்கள். பீரங்கிக்காரரான வீரபாகு அந்த மாதம் இறங்கினார். ஏப்ரலில் நான் ஏறினேன். ஏழு ஆண்டுகள் அளந்தேன். நம் ஊர்ப் பாலாற்றில் அளப்பதற்குத் தண்ணீர் கிடையாது. அந்தப் பாலாற்றின் அடியில் கடலே இருந்தது. அதை அடிப்பதற்கு இவர் யார்?

19.1.1978

அவர் வரியை அடித்துத் திருப்பி அனுப்பினேன்.

23.1.1978, திங்கள்.

பீரங்கி இல்லாத கப்பல் வெறும் படகுதானாம். இந்தச் சம்பந்தம் வேண்டுமா என்று யோசிப்பதாக வீரபாகு சொல்லியனுப்பினார். நானும் யோசிப்பதாகச் சொல்லியனுப்பினேன்.

சோற்றை வைத்துவிட்டு அம்சவேணி கேட்டாள்: “கப்பலா கழுத்த நீட்டப் போவுது? நான்தானப்பா.”

சாப்பிட முடியவில்லை. இன்னா வேலை பண்ணி வச்சிருக்கேன் நான்?

25.1.1978, புதன். ஆம்பூர்.

மாப்பிள்ளை நந்தகோபால் ஷூ கம்பெனியில் அரை நாள் லீவு போட்டு, எங்கள் இருவரையும் அச்சகத்தில் எதிரெதிரே உட்கார வைத்தார். டீ ஆறியது.

பிறகு வீரபாகு கேட்டார்: “என் பீரங்கியக் கழட்டினாங்களே, அந்த எடத்துல இன்னா வச்சாங்க?”

ஆழம் பார்க்கக் கம்பியை இறக்கி ஏற்றும் வின்ச் என்றேன். அதே இடம்; அதே போல்ட்டுகளில்தான் பூட்டியிருந்தது. போல்ட்டுகளை அறுத்துப் போட்டிருப்பார்கள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தாராம்.

“கிரீஸ் போட்டீங்களா?”

“தெனமும் போட்டேன், சம்பந்தி. உப்புக் காத்தாச்சே.”

மூக்கைத் துடைத்துக்கொண்டு அச்சுக்கோப்பவர் பக்கம் திரும்பினார். “அவுருது பெரிய எழுத்துலயே போடுப்பா. எடம் ஜாஸ்தி கீது.”

9.2.1978, வியாழன்.

முகூர்த்தம் காலை ஏழரைக்குள் நிறைவேறியது. பந்தி வாசலில் வீரபாகு என் கையை விடவேயில்லை. வந்தவர்களிடமெல்லாம், “என் பீரங்கி எடத்துல நின்னு கடல அளந்தவரு, அம்பத்தி மூணுலேர்ந்து” என்று அறிமுகப்படுத்தினார்.

ஐம்பத்து நான்கு.

நான் திருத்தவில்லை.