மாமா வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை

என் அக்கா பெற்ற செல்வத்துக்கு,

மாமா எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். விடுதியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. மறுபடி மறுபடி படித்தேன். எழுத்து புரியாமல் இல்லை, விஷயம் பிடிக்காமல். நர்ஸ் பரீட்சை முடிந்து லீவு விட்டும் நீ வரப்போவதில்லையாம், விடுதியிலேயே இருந்துகொள்வாயாம், மாமாவுக்கு எதற்கு வீண் செலவு என்று எழுதியிருக்கிறாய். போனில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ ‘சாப்டீங்களா மாமா’ என்பாய், நான் ‘ஆச்சு’ என்பேன், பேச்சு அதோடு தீர்ந்துவிடும். காகிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. மாமாவுக்கு இவ்வளவு எழுத வருமா என்று நினைக்காதே. ஐந்தாவதோடு நான் படிப்பை நிறுத்தியதே, அதற்கு மேல் வாத்தியாரிடம் சரக்கு இல்லாததால்தான்.

உன்னிடம் கோள் சொன்னது பக்கத்து அறை டெய்லர்தான். அவன் வாயை அவனுடைய மிஷினிலேயே வைத்துத் தைக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் ஆள் வராமல் மேல் மாடிகளைப் பூட்டியது உண்மை. படுக்கை விரிப்புகள் குறைந்துபோனதால் எனக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் இஸ்திரி வேலை என்பதும் உண்மை. ஆனால் அதை வேலைக் குறைப்பு என்று யார் சொன்னது? இப்படிப்பட்ட கை தேய்ந்துவிடக் கூடாதே என்று மேனேஜர் எனக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது.

நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேள். காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டி. வெண்ணெயைக் கத்தியால் வெட்டக் கூடாது, தையல் நூலால் அறுக்க வேண்டும். நான் அறுத்தால் துண்டின் வழியாகப் பேப்பர் படிக்கலாம். அப்படி மெல்லிசாக இருந்தால்தான் ருசி நாக்கில் ஒட்டும், உங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். வேலை நாளென்றால் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி, சூடான இஸ்திரிப் பெட்டியின் கீழ் காலரை அழுத்துவது போல ஓர் அழுத்து. மொறுமொறு என்று வரும். அந்த வாசனைக்கு ஹோட்டல் தலைமைச் சமையல்காரரே கீழே இறங்கி வந்து இஸ்திரி அறை வாசலில் நின்றார். லிஃப்ட் தேடி வந்தார் என்று சலவைக்காரர்கள் சொல்வதை நம்பாதே.

காய்கறிக் கடையம்மா கடை கட்டும் நேரத்தில் அடிபட்ட தக்காளியை எனக்கென்று தனியாக எடுத்து வைக்கிறாள். நல்ல தக்காளி சூப்புக்கு ஆகவே ஆகாது, அடிபட்டதில்தான் இனிப்பு இறங்கியிருக்கும். டீக்கு ஏலக்காய் உண்டு. இன்றைக்கு விதை, நாளைக்குத் தோல். ராஜா வீட்டில்கூடத் தோலைத் தூக்கி எறிந்துவிடுவார்கள், பாவம்.

வேலை இல்லாத நாளில் காலையிலேயே சூப்பை ஏற்றிவிடுவேன். சின்னத் தீயில் மத்தியானம் வரை கொதிக்கும். அத்தனை நேரம் தேவையில்லைதான். அந்தச் சத்தம் இருந்தால் அறையில் இன்னொரு ஆள் இருப்பது மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்குச் சாப்பாடு போட எனக்கு வக்கில்லை என்று டெய்லர் நினைக்கிறான், நீயும் நம்பிவிட்டாய். எனவே போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஒத்திகை விருந்து வைத்தேன். நீ வந்தால் என்னென்ன போடுவேனோ அத்தனையும் இரண்டு பேருக்குச் சமைத்தேன். சோறு, சூப், வெங்காயம் போட்டு வதக்கிய உருளைக்கிழங்கு, ஆளுக்கொரு முட்டை. ஹோட்டலில் கழித்துப் போட்ட மேஜை விரிப்பை விரித்தேன். கிழிசல் இருந்த ஓரத்தைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டால் அமைச்சரே வந்து உட்காரலாம். கைத்துண்டுகளைக் கஞ்சி போட்டு விசிறி மாதிரி மடித்துத் தட்டுகளில் நிறுத்தினேன். உன் நாற்காலியில் டெய்லரை உட்காரச் சொன்னேன்.

அவன் உட்காரவில்லை. நின்றபடியே ஒரு வாய் சூப் குடித்துவிட்டு, கைத்துண்டை எடுத்து உதட்டைத் துடைத்தவன் ‘ஆ’ என்று கத்திவிட்டான்.

“ஏண்ணே, இது துணியா தகரமா? சவரமே பண்ணிரலாம் போல இருக்கே.”

தொழில் புத்தி, என்ன செய்வது. சட்டைக் காலருக்குப் போடும் கெட்டிக் கஞ்சியைப் போட்டிருக்கிறேன். வாய் துடைக்கிற துணி என்பதே மறந்துபோயிற்று. அந்தத் துணியில் வாய் துடைக்க இங்கே ஆள் வந்து வெகு நாளாகிறது அல்லவா.

உட்காருடா, முட்டையாவது சாப்பிடு என்றேன். அவன் வாசலைப் பார்த்தான்.

“வீட்டுல எனக்காக எல்லாரும் சாப்பிடாம உக்காந்திருக்காங்கண்ணே. இங்க தின்னுட்டுப் போனா அங்க வாங்கிக் கட்டிக்கணும். நீங்களும் வாங்களேன், பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிடலாம்.”

எனக்கா கூப்பிட ஆளில்லை, என் மருமகள் வரப்போகிறாள், நேரமில்லை போ என்று சொல்லிவிட்டேன். அவன் போய்விட்டான்.

பிறகு நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன். சூப் பிரமாதம், சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு துளிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டெய்லரின் பிள்ளைகள் ஒரு அப்பளத்துக்குச் சண்டை போடுவது கேட்டது. கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். எதிர்த் தட்டில் இருந்ததை மறுநாளும் சாப்பிட்டேன், அதற்கு மறுநாளும்.

ஆகவே பெண்ணே, உன் கணக்கு தப்பு. என் வீட்டில் சாப்பாடு பற்றாமல் போகும் என்று நீ பயப்படுகிறாய். இங்கே மீந்துபோகிறது.

லீவு முழுவதும் வேண்டாம், படிக்க வேண்டியது இருக்கும். பாதியாவது வா. எந்த ரயில் என்று எழுது. எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை, லீவு தொடங்கியதும் எல்லா ரயிலுக்கும் நான் ஸ்டேஷனில் வந்து நிற்பேன். ஸ்டேஷன் மாஸ்டர் எனக்கு ரொம்ப வேண்டியவர், நாற்காலி போட்டு உட்கார வைப்பார். அப்படியே நின்றாலும்தான் என்ன, வேலை இல்லாத நாளில் எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது.

நீ நன்றாக இருக்க வேண்டும். பசித்தால் பசிக்கிறது என்று சொல்ல உனக்கு எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
உன் மாமா