மேல் பட்டையில் ஒளித்த கப்பல்

பாம்பன்
ஜூலை 11, வெள்ளி

அன்பு மகன் கிளாட்சனுக்கு அய்யா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் சுகம். நீயும் உன்னோடு கப்பலில் இருக்கிற மற்றப் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் ஜெபம் சொல்கிறோம்.

இதை முதலில் காகிதத்தில் எழுதிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கப்பலில் எப்போதாவதுதான் மெயில் வரும் என்று நீ சொல்லியிருக்கிறாய். வரும்போது பார்த்தால் போதும்.

இங்கே கச்சான் காற்று ஓயவில்லை. மூன்று நாளாகப் படகுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கவில்லை. மீன் வரத்து இல்லாததால் எங்கள் ஐஸ் கம்பெனியிலும் ஒரு மிஷின்தான் ஓடுகிறது. நான் காலையில் போய் மத்தியானம் வந்துவிடுகிறேன்.

நீ வைத்துவிட்டுப் போன பழைய லேப்டாப் நன்றாக ஓடுகிறது. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டபோது எனக்கு நம்பிக்கை இல்லாமல் இருந்தது. இப்போது போட்டவுடன் வந்துவிடுகிறது. கீழே இருக்கிற பட்டையில் நீ வைத்த ஐந்து பட்டன்களையும் அம்மா படத்தை வைத்தே பழகிவிட்டாள். புறா என்றால் மெயில், பனையோலை என்றால் காற்று, கோபுரம் என்றால் பூசை, உன் முகம் என்றால் வீடியோ கால், கப்பல் என்றால் நீ. காலையில் ஜெபமாலை முடித்ததும் நேராக வந்து கப்பலை அமுக்குவாள். கடல் படம் வந்து அதில் சிவப்புப் புள்ளி தெரிந்ததும், விரலால் அதன் மேல் சிலுவை போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

அதைப் பற்றித்தான் கேட்க வேண்டும். குஜராத்திலிருந்து புறப்பட்டு ஒன்பதாம் தேதி ஆப்பிரிக்கக் கரை சேருவோம் என்று சொன்னாய். இன்று பதினொன்று. புள்ளி நடுக்கடலில் நிற்கிறது. நடுக்கடலில் நாலைந்து நாள் சிக்னல் தெரியாது, பயப்படாதீர்கள் என்று நீ நோட்டில் எழுதிவைத்திருக்கிறாய். நான் பயப்படவில்லை. ஆனால் புள்ளிக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒன்பது நாட்களுக்கு முன் என்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கு அந்த 9 மட்டும் தெரியும். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஒன்பது மணி நேரத்துக்கு முன் என்று சொல்லிவிட்டேன்.

இதைப் பார்த்ததும் ஒரு வரி எழுது. நலம் என்று மட்டும் எழுதினால்கூடப் போதும்.

உன் அன்பு அய்யா,
சந்தியாகு

---

பாம்பன்
ஜூலை 17, வியாழன்

அன்பு மகன் கிளாட்சனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. முந்தின கடிதம் போனதா, போகவில்லையா என்றும் தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன்னைக் கப்பலில் சேர்த்துவிட்ட தூத்துக்குடி ஏஜெண்டுக்கு மூன்று தடவை போன் செய்தேன். முதல் தடவை நெட்வொர்க் பிரச்சினை என்றார். இரண்டாவது தடவை, கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்றாவது தடவை எடுக்கவில்லை.

அம்மா தினமும் எண்ணைக் கேட்டாள். சனிக்கிழமை பத்து மணி நேரம் என்றேன், ஞாயிற்றுக்கிழமை பதினொன்று என்றேன். திங்கட்கிழமை காலையில் அவள் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நேத்துப் பதினொண்ணு, இன்னைக்குப் பன்னெண்டு. மணி நேரம் எப்படிங்க ஒரு நாளைக்கு ஒண்ணு ஒண்ணாக் கூடுது?" என்றாள். கம்ப்யூட்டர் கணக்கு வேறு மாதிரி என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

அன்றைக்கே அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் கப்பல் பட்டனை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். நீ சொன்னபடி மவுஸைப் பட்டையின் மேல் வைத்து வலது பக்கம் அமுக்கினேன். ரிமூவ் என்று ஒரு வரி வந்தது. அதை அமுக்கினேன். கப்பல் போயிற்று. புறாவும் ஓலையும் கோபுரமும் உன் முகமும் சேர்ந்து போய்விட்டன. பட்டையில் கடிகாரம் மட்டும் நின்றது.

மகனே, முப்பது வருஷம் போட் இன்ஜின் பிரித்துக் கோர்த்தவன் நான். இதை எப்படித் திரும்பக் கோர்ப்பது என்று தெரியவில்லை. நீ ஒருவேளை அந்த நேரம் பார்த்து வீடியோ காலில் வந்தால் எதை அமுக்குவது, நீ மெயில் போட்டிருந்தால் எதில் பார்ப்பது என்று ஒன்றும் புரியவில்லை. அம்மா வந்ததும், மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

அரண்மனைப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற வீரமணியிடம் கொடுத்தேன். நீ பாட்டரி மாற்றின அதே கடைதான். பார்த்ததும் அவர், "ஒண்ணும் ஆகலை. அஞ்சு பட்டனும் ஒரே பெட்டிக்குள்ள இருந்துச்சு. நீங்க ஒரு பட்டனை எடுக்கப்போயி பெட்டியையே எடுத்துட்டீங்க" என்றார். திரும்ப ஒரு பெட்டி போட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தார். நீ போட்ட படங்கள் எல்லாம் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தன. நாலு வைத்துவிட்டு ஐந்தாவதாகக் கப்பலை எடுத்தபோது, அது மட்டும் வேண்டாம் என்றேன்.

ஏன் என்று கேட்டார். இதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். மூத்த மகன் ஜோஸ்வின் படகில் போய்த் திரும்பவில்லை, ஆறு நாள் அவன் அம்மா கரையிலேயே நின்றாள், அதற்குப் பிறகுதான் சின்னவனைப் படகே வேண்டாம் என்று பெரிய கப்பலுக்கு அனுப்பினேன், இப்போது அந்தக் கப்பலும் பன்னிரண்டு நாளாக அசையவில்லை என்று சொன்னேன். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அதைக்கூடப் பார்க்கவில்லை.

வீரமணி, "நீங்க மட்டும் பாக்குற மாதிரி வச்சுத் தாரேன்ணே" என்றார். மேலே இன்னொரு பட்டை போட்டார். அது சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. மவுஸை மேல் விளிம்பில் கொண்டுபோய் முட்டினால் கீழே இறங்கி வரும், விலகினால் போய்விடும். அதில் கப்பலை மட்டும் வைத்துக் கொடுத்தார். வேலைக்கு ஒன்றும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "கப்பலைக் காணோமே" என்றாள். அந்த வெப்சைட்டே கொஞ்ச நாள் வேலை செய்யாதாம், கடைக்காரர் சொன்னார் என்றேன். சரி என்றாள். ஒன்றும் கேட்கவில்லை. இப்போது காலையில் பனையோலையை அமுக்கி, காற்று எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறாள்.

நான் தினமும் அவள் கோயிலுக்குப் போன பிறகு மேல் பட்டையை இறக்கிப் பார்க்கிறேன். இன்று 15.

எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. எங்கே இருந்தாலும் புனித சந்தியாகப்பர் உன் பக்கத்தில் நிற்கட்டும்.

அய்யா

---

பாம்பன்
ஜூலை 29, செவ்வாய்

அன்பு மகன் கிளாட்சனுக்கு,

நேற்று உன் குரலைக் கேட்டோம். இரண்டு நிமிஷம்தான் என்றாலும் கேட்டோம். அதற்கு முன் இங்கே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். போனில் சொல்ல நேரமில்லை.

போன புதன்கிழமை ஐஸ் கம்பெனியில் கரண்ட் போய், என்னைப் பத்து மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் வந்தால் அம்மா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். லேப்டாப் திறந்திருக்கிறது. மேல் பட்டை இறங்கியிருக்கிறது. கடல் படத்தில் புள்ளி நிற்கிறது. பக்கத்தில் கோயில் காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு வரிசையாக எழுதியிருக்கிறாள். 13, 14, 15, 16, 17, 18, 19, 20, 21. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்த ஆங்கில வார்த்தையை, என்னவென்று தெரியாமலே, அப்படியே வரைந்து வைத்திருக்கிறாள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். நான் இராமநாதபுரம் போய் வந்த மறுநாளே தெரியுமாம். எதையோ மூட மவுஸை மேலே கொண்டுபோனபோது பட்டை தானாக இறங்கியிருக்கிறது. பயந்து கையை எடுத்திருக்கிறாள், போய்விட்டது. மறுபடி முட்டிப் பார்த்திருக்கிறாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "ஒங்க நெஞ்சு அடைப்புக்குக் கம்பி வச்சு வருசம் ஒண்ணு ஆகலை. டாக்டரு என்ன சொன்னாரு? நீங்க மறைச்சா எனக்காக மறைக்கிறீங்கன்னு தெரியும். மறைச்சதாவே இருக்கட்டும்னு இருந்தேன்" என்றாள். அது மணி இல்லை, நாள் என்பதும் எண் பன்னிரண்டு ஆன அன்றைக்கே புரிந்துவிட்டதாம்.

பத்து நாள், ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு பேரும் இப்படி இருந்திருக்கிறோம். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம், "நாளைக்குத் தூத்துக்குடி போறோம்" என்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். ஏஜெண்ட் ஆபீசில் பதினொரு மணிக்கு உட்கார்ந்தோம். மதியம் சாப்பிட்டு வாருங்கள் என்றார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. சார் வெளியூர் என்றார்கள். அதற்கும் எழுந்திருக்கவில்லை. கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். நாலு மணிக்கு அந்த ஏஜெண்ட் உள் அறையிலிருந்துதான் வந்தார். எங்கள் முன்னாலேயே கம்பெனிக்குப் போன் போட்டார்.

மூன்றாம் தேதியே இன்ஜின் நின்றுவிட்டது, ஜெனரேட்டரும் சரியாக ஓடவில்லை, அதனால்தான் சிக்னல் இல்லை, கப்பல் காற்றின் போக்கில் மிதக்கிறது, கப்பலில் உள்ள பத்தொன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள், இழுத்து வர இன்னொரு கப்பல் போகிறது. இவ்வளவும் அவருக்கு ஒரு வாரமாகத் தெரியும். வீட்டில் உள்ளவர்கள் பயந்துவிடக் கூடாது என்று சொல்லவில்லையாம். நான் கத்த வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடம், "தம்பி, நாங்க பயப்படுற ஆளுக இல்லை. தெரியாம இருக்குறதுதான் எங்களால முடியாது" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் தலை குனிந்துதான் போயிற்று. நானும் அவளிடம் அதைத்தானே செய்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கப்பலைக் கீழ்ப் பட்டைக்குக் கொண்டுவந்தோம். வீரமணி போனில் ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் வாசித்தேன், அமுக்கினது எல்லாம் அம்மாதான். எங்கே வைக்க என்று கேட்டதற்கு, எல்லாவற்றுக்கும் முதலில் என்றாள். இப்போது அதுதான் முதல் பட்டன்.

சனிக்கிழமை புள்ளி நகர்ந்திருந்தது. ஓமன் பக்கமாகப் போகிறது என்று வீரமணி சொன்னார். நேற்றுக் காலை உன் போன் வந்தது.

உன் குரல் கட்டியிருந்தது. தண்ணீர் அளந்து கொடுத்தார்கள் என்றாய், அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நலமாக இருக்கிறேன் அய்யா, ரிப்பேர் முடிந்ததும் இதே கப்பலில் கிளம்பிவிடுவோம், இன்னும் ஐந்து மாதம்தான் என்றாய். நான் சரி என்றேன். பேச்சு முடிந்துவிட்டது. போனை வைத்த பிறகு அம்மா என்னைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. வெளியே போய்க் காய்ந்த துணியை எடுத்து மடித்தாள், மடித்ததையே திரும்பப் பிரித்து மடித்தாள்.

இன்று காலையில், மகனுக்கு என்ன எழுத என்று அவளிடம் கேட்டேன். "நீங்களே எழுதுங்க. நான் எழுதினா அவன் அங்கன ஒக்காந்து அழுவான்" என்றாள்.

அதனால் நானே எழுதுகிறேன். போனில் நான் சொன்ன சரியை நீ எடுத்துக்கொள்ளாதே. இறங்கி வா என்று சொன்னால் உன் கூட இருக்கிற பிள்ளைகள் காதில் விழுமே, உனக்கு மரியாதைக் குறைவாகிவிடுமே என்று சொன்னது அது. இந்த வேலையை நீ கேட்கவில்லை. போகிறாயா என்றுகூட நான் உன்னைச் சரியாகக் கேட்கவில்லை. விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்ததும் நான், அதில் உன்னைக் கையெழுத்துப் போடவைத்ததும் நான். கரை சேர்ந்ததும் கேப்டனிடம் போய் நில். வீட்டில் அய்யாவுக்கு நெஞ்சு சரியில்லை, நான் இறங்க வேண்டும் என்று சொல். டாக்டர் சீட்டு வேண்டுமென்றால் இன்றைக்கே படம் எடுத்து அனுப்புகிறேன். பயந்து இறங்கினான் என்று யாராவது சொன்னால், எங்கள் அய்யாதான் பயந்தார் என்று சொல்லிவிடு. அது உண்மைதான்.

ஆண்டவர் உன்னைக் கால் நனையாமல் கரையில் இறக்கட்டும்.

உன்னை வரச்சொல்லிக் கேட்கும்,
அய்யா