இரண்டாம் கூட்டுக்கு இரண்டு பிடி

ஜூன் 4, செவ்வாய்

விடியமுன்னமே தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. கண்ணெல்லாம் மண். கோழிக்கூடுகளின் மேற்குப் பக்கம் சாக்குக் கட்டியே காலை போயிற்று.

1ஆம் கூடு: முட்டை 31. 2ஆம் கூடு: 30. சாவு இல்லை.

எங்கள் பண்ணையில் ஆராய்ச்சி செய்யும் ரிஸ்னா மிஸ்ஸின் பரிசோதனை ஆறாவது கிழமை. முதலாம் கூட்டுக்குத் தீனோடு முருங்கையிலைத் தூள், இரண்டாம் கூட்டுக்கு வெறும் தீன். பத்துக் கிழமையில் எது நல்லது என்று பார்ப்பார்களாம்.

தூள் வாசம் வந்தால் போதும், இரண்டாம் கூட்டுக்காரிகள் கம்பிக்குள்ளால் கழுத்தை நீட்டுகிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இந்தியாவில், அகதி முகாமில், என் முறை வரும்போது பருப்பு முடிந்துபோன நாட்கள் எத்தனை! இன்றைக்கும் வேலி முருங்கையில் இரண்டு பிடி உருவிப் போட்டேன். தூள் போடக்கூடாது என்றுதான் மிஸ் சொன்னார். பச்சை இலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

ஜூன் 6, வியாழன்

அதே காற்று. வாங்க: தேங்காய், சவர்க்காரம், இவரின் சைக்கிள் கடைக்கு ஒட்டுப் பசை.

2ஆம் கூடு: இலை 2 பிடி. நொண்டிச்சி மூன்று நாளுக்குப் பிறகு முட்டை இட்டாள்! ஊருக்கே சொல்லவேண்டும் போல இருந்தது. இவரிடம் சொன்னேன். "வீட்டில மனுசனுக்குப் பழஞ்சோறு, அங்க கோழிக்கு ரெண்டாம் பந்தி" என்று நக்கல். சிரித்தபடி பழஞ்சோற்றுக்கு இன்னொரு வெங்காயம் வைத்தேன்.

மிஸ் நல்ல மனம். படித்தவர். ஆனால் கோழி தூக்கத் தெரியாது. ஒற்றைக் காலில் பிடிக்கிறார், அது கத்துகிறது, மிஸ்ஸும் கத்துகிறார்.

ஜூன் 10, திங்கள்

மிஸ் இரண்டு கூட்டு முட்டையும் பத்துப் பத்தாக உடைத்து வெள்ளைப் பீங்கானில் ஊற்றினார். தூள் தின்ற கூட்டின் கருதான் கடும் நிறமாக இருக்கவேண்டுமாம். எல்லாம் ஒரே கடும் மஞ்சள். முட்டைக் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"தூளால பிரயோசனம் இல்லையெண்டுதான் எழுதவேணும் அக்கா. முசலிப் பக்கம் திரும்பி வந்து குடியேறின பொம்பிளையளுக்குக் கோழி குடுக்கேக்க இதைச் சொல்லிக்குடுக்க இருந்தனான். தீன் வாங்க வழியில்லாத சனம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் சட்டையில் முருங்கையிலை ஒட்டியிருந்தது. தட்டிவிட்டேன். மத்தியானப் பாணைச் சுற்றியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செய்தவள் நான், பழி முருங்கைக்கு.

ஜூன் 11, செவ்வாய்

வாச்சர் நல்லையா அண்ணையிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"வாயைத் திறவாதை பிள்ளை. நீ நாட்சம்பளம். உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி மிஸ்தான் கடிதம் குடுக்கவேணும்."

நியாயமான பேச்சு. மிஸ் இருக்கும் கந்தோர் வாசல் வரை இரண்டு தரம் போய்த் திரும்பினேன். இலை போடவில்லை. இரண்டாம் கூட்டுக்காரிகள் பார்த்த பார்வை!

தண்ணீர்த் தொட்டி கழுவியது. உமி மாற்றியது.

ஜூன் 12, புதன்

சொல்லிவிட்டேன்.

"மிஸ், ரெண்டாம் கூட்டுக்கு நான் முருங்கையிலை போட்டனான்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எத்தினை நாளா?"

"முதல் நாளில இருந்து."

"ஏன் அக்கா?"

"நான் முகாமில சாப்பாட்டு வரிசையில நிண்டவள். ஒரு பக்கத்துக்குக் குடுத்து மற்றப் பக்கத்துக்குக் குடாமல் விட எனக்கு ஏலாது மிஸ்."

தன் பதிவேட்டில் இரண்டாம் கூட்டுப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு, "எவ்வளவு போட்டனீங்கள் எண்டு ஞாபகமிருக்கோ?"

"டயறியில எழுதி வச்சிருக்கிறன். ஒவ்வொரு நாளும்."

நிமிர்ந்து பார்த்தார். "கொண்டு வாங்கோ."

இந்தக் கொப்பியையா! மிஸ் கோழி பிடிக்கும் அழகும் இதில்தானே இருக்கிறது. "நாளைக்குப் பார்த்தெழுதிக்கொண்டு வாறன் மிஸ்" என்று ஒரே ஓட்டம்.

ஜூன் 13, வியாழன்

அந்தோனியார் திருநாள். காலைப் பூசை, பிறகு வேலை. மத்தியான இடைவேளையில் தீன் சாக்கின் மேல் இருந்து இலைக் கணக்கை மட்டும் ஒற்றைத் தாளில் எழுதினேன். நாள், எத்தனை பிடி. எனக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாளும் இல்லை என்று எழுதினேன். இவரின் நக்கலை விட்டுவிட்டேன். மற்றதையும்.

பிறகு மிஸ் என்னை இலை உருவச் சொல்லி, ஒவ்வொரு பிடியையும் தராசில் வைத்துப் பார்த்தார். என் பிடி அநேகமாக ஒரே நிறை. "மெசின் மாதிரிக் கை" என்றார். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஜூன் 14, வெள்ளி

மிஸ் கூப்பிட்டார்.

"பச்சை இலையும் தூளும் ஒரே பலன் போல கிடக்கு. அப்பிடியெண்டா சனம் காயவைச்சு அரைக்கத் தேவையில்லை, உருவிப் போட்டாலே காணும். ஆனா ஒண்டுமே குடாத கூடு இருந்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம். திங்கள் மூண்டாம் கூடு தொடங்குறம்."

"அதுக்கு நல்லையா அண்ணை தீன் போடட்டும் மிஸ்."

"இல்லை, நீங்கள்தான். நானும் புத்தளத்தில முகாமில வளர்ந்த பிள்ளை. வரிசை எனக்கும் தெரியும். பத்துக் கிழமை ஒழுங்காப் பாருங்கோ. நிரந்தரக் கடிதம் அதுக்குப் பிறகு எழுதுறன்."

இவர் கேட்டுவிட்டு, "உன்ர கையைக் கட்டிவிடவோ?" என்றார்.

ஜூன் 17, திங்கள்

காற்றுக் கொஞ்சம் குறைவு. மூன்றாம் கூட்டில் புதுக் கோழிகள் நாற்பது. வெறும் தீன்.

மற்ற இரண்டு கூட்டுக்கும் தூளும் இலையும் போட்டு முடித்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் போனேன். அப்படியும் நாற்பது கழுத்தும் கம்பிக்கு வெளியே. ஒருத்தி என் விரலைக் கொத்திப் பார்த்தாள்.

3ஆம் கூடு: இலை இல்லை.

பத்துக் கிழமை பொறுங்கோடி, முடியிற அண்டைக்கு முழு மரமும் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், பின்னால் மிஸ்.

"அதையும் எழுதி வையுங்கோ" என்றார்.