மடுல்சீமை ரோட்டில் வந்த வாந்தி

மார்ச் 3, திங்கள்
கம்சலாவுக்கு இன்று ஐந்து வயது. தலையில் தேங்கும் நீரை வயிற்றுக்கு இறக்கும் குழாய்க்கு நாலரை. குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன். தோலுக்கடியில் நெளிகிறது. பல வருசம் ஓடலாம், நாளைக்கே அடைக்கவும் செய்யலாம் என்றார் டொக்டர். வாந்தி, தலையிடி, காய்ச்சல், தூங்கி வழிதல்: கண்டால் உடனே கொண்டுவர வேண்டும். இதெல்லாம் வராத பிள்ளை எங்கே இருக்கிறது?

மார்ச் 9, ஞாயிறு
கம்சலாவின் அப்பாவோடு சண்டை. போன மாதம் மூக்கொழுகும் வெறும் தடிமனுக்கு இரண்டு தடவை பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேனாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறார். முன்பள்ளியில் முப்பது பிள்ளைகளைச் சமாளிக்கிற டீச்சருக்கு ஒரு பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லையாம். வெட்கமாக இருந்தது. பயமும் போகவில்லை.

மார்ச் 15, சனி
பதுளையில் கல்யாணம். திரும்பும்போது பஸ்ஸில் கம்சலா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். இந்த மடுல்சீமை மலை ரோட்டில் எடுக்காவிட்டால்தான் அதிசயம். பக்கத்து சீட் அம்மா புளிப்பு வாசம் முகரத் தேசிக்காய் தந்தார். இன்று நான் பதறவில்லை. முதல் தடவையாக வாந்திக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு
காலையில் மறுபடி வாந்தி. பஸ் மயக்கம் இன்னும் இறங்கவில்லை என்றார் அவர். நானும் தலையாட்டினேன். இஞ்சி போட்டுப் பிளேன்டீ கொடுத்தேன். மதியம்வரை தூங்கினாள். களைப்பு.

மார்ச் 17, திங்கள். ஆஸ்பத்திரி
விடிய எழுப்பினேன். கண் மேலே ஏறவில்லை. என்னைப் பார் என்றால் தரையைப் பார்க்கிறாள். "தலை இடிக்குதும்மா" என்றாள், பிறகு பேச்சில்லை. ஐயோ, பஸ்ஸ விட்டு எறங்கி ரெண்டு நாளாச்சே. நானா இப்படி இருந்தேன்? தும்மினாக்கூடத் தூக்கிட்டு ஓடுறவ நானா?

பக்கத்து வீட்டுத் துஷாந்தின் த்ரீவீல் ஓட்டோவில் வந்தோம். அத்தனை வளைவு. ஒன்றிலும் வாந்தி எடுக்கவில்லை, தூங்கிக்கொண்டே வந்தாள். எடுத்துவிடம்மா, எடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்
குழாய் அடைத்திருந்ததாம். ஒபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய் மூன்று மணி நேரம். அவர் வராந்தா மர வாங்கில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். "நாந்தானே சொன்னேன், பஸ் மயக்கம்னு."
"நானும் நம்புனேன்," என்றேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை.

மார்ச் 19
கண் திறக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி
விசுக்கோத்து கேட்டாள். இரண்டு கேட்டாள்.
புதுக் குழாயும் அடைக்கலாம் என்று டொக்டர் சொன்னார். எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார், நான்கு தடவை.

மே 4, ஞாயிறு. பதுளை
இந்த அறையில் இன்றுதான் குடிவந்தோம். ஒரு ஜன்னல், பொதுக் குழாய், ஆஸ்பத்திரிக்கு நடை தூரம். வேலையை விட்டதால் தேயிலைத் தோட்டத்துப் பதிவில் அவர் பெயரை வெட்டிவிட்டார்கள். நாளையிலிருந்து பஜாரில் அரிசி விற்கும் ஜௌபர் நானா கடையில் மூட்டை இறக்கப் போகிறார். எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. நான் ஒரு தடவைகூட இடம் மாறக் கேட்டதில்லை. அவராகவே வந்து அறை பார்த்துவிட்டுப் போனார்.

பாயை விரிக்கும்போது கம்சலா கேட்டாள், நம்ம லயத்து வீட்டை விட்டு ஏன் இங்கே வந்தோம் என்று. அவர் முந்திக்கொண்டார்.

"அப்பாவுக்குப் பயமா இருக்கும்மா. அதான்."