மரக்காத பல்

நவம்பர் 11, செவ்வாய்
விடாத தூறல். கீழ்வரிசை, இடது கடைசிக்கு முந்தின பல். மூன்றாவது நாள். சூடாக எதுவும் ஆகவில்லை. குளிர்ந்த தண்ணீரை வாயில் அடக்கினால் இரண்டு நிமிடம் நிம்மதி. வகுப்பிலும் பாட்டிலோடுதான். பேச வேண்டுமானால் விழுங்க வேண்டும், விழுங்கினால் வலி. ஐந்தாம் வகுப்புக்கு இன்று முழுக்க எழுத்து வேலை.
பாராசிட்டமால் தவிர வேறு மாத்திரை கூடாது. ஆறாவது மாதம். முந்தைய இரண்டும் தங்கவில்லை.

நவ. 12, புதன்
மயிலாப்பூர் பல் டாக்டர். ரூட் கெனால். தாடைக் கோடியில் லிக்னோகெயின் ஊசி. உதடு மரத்தது, பாதி நாக்கும். ஆனால் டிரில் பல்லைத் தொட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு ஊசி. மறுபடியும் அதே.
"உதடு மரத்துடுச்சு இல்ல? அப்ப வலிக்காதும்மா. நீங்க பயப்படறீங்க."
பயமில்லை, வலி என்றேன். பாதி நாக்கால் சொன்னது புரிந்ததோ என்னவோ. பஞ்சு வைத்து அனுப்பிவிட்டார்.

நவ. 13, வியாழன்
தூக்கமில்லை. லீவு. போனில் தேடியது: ஆர்டிகெயின் என்று ஒரு மருந்து, இந்த மாதிரிப் பல்லுக்கு நன்றாகக் கேட்குமாம். கர்ப்பிணிக்கு? ஒருவர் பரவாயில்லை என்கிறார், ஒருவர் போதிய விவரமில்லை என்கிறார்.
லி. – பிள்ளைக்குப் பயமில்லை. எனக்குக் கேட்கவில்லை.
ஆ. – எனக்குக் கேட்கலாம். பிள்ளைக்கு?
என் வீட்டுக்காரர் அன்வரிடம் காட்டினேன்.
"பல்லைப் புடுங்கிப் போட்டுடலாமா?"
"புடுங்கறதுக்கும் ஊசிதாங்க."
போய் ஃப்ரிட்ஜ் தண்ணீர் கொண்டுவந்தார்.
சாயங்காலம் ஒரு நிமிடம், பிள்ளைக்கு என்ன ஆனாலும் சரி, இது நின்றால் போதும் என்று நினைத்தேன். எழுதியே விடுகிறேன். நினைத்தேன்.

நவ. 14, வெள்ளி
பள்ளியில் குழந்தைகள் தினம். போகவில்லை. அடையாறு, வேறு டாக்டர், பெண். ஸ்கேன் ஃபைலைப் படித்தார், என் பிரசவ டாக்டரிடம் போனில் பேசினார்.
"நரம்பு இவ்ளோ வீங்கிட்டா ஊசி சரியா கேக்காதும்மா. அது உங்க பயமில்ல."
அங்கேயே அழுதுவிட்டேன்.
ஆர்டிகெயின் போடலாமா என்று கேட்டேன்.
"கெடுதல்னு சொல்ல மாட்டேன். ஆனா பழைய லிக்னோகெயினை எத்தனையோ கர்ப்பிணிகளுக்குப் போட்டுப் பார்த்தாச்சு. அதையே வேற எடத்துல போடலாம். முதல்ல பல்லோரமா. பத்தலன்னா பல்லைத் தொறந்து நரம்புக்குள்ளயே. அது வலிக்கும். பத்து எண்ணுற வரைக்கும். பொய் சொல்லல."
"போடுங்க டாக்டர்."
பல்லோர ஊசியில் பாதி அடங்கியது. பிறகு மற்றது. அவரே எண்ணினார். நான்கு வரை கேட்டேன். அப்புறம் கத்தினேன் போலிருக்கிறது. ஒன்பதில் எதுவுமில்லை. அந்த இடத்தில் பல்லே இல்லாத மாதிரி.

நவ. 15, சனி
பதினொரு மணி நேரத் தூக்கம். மழை நின்றிருக்கிறது. கஞ்சி, சூடாக, வலது பக்கமாக.
பிள்ளை உதைத்தது. நேற்றும் முந்தாநாளும்கூட உதைத்திருக்கும். நான்தான் கவனிக்கவில்லை. அன்வரைக் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னேன்.
"வலி போயிடுச்சே, இப்ப ஏன் அழற?"
வியாழக்கிழமை நினைத்ததைச் சொல்லவில்லை.