ஏழாவது பெயர்

ஏப்ரல் 16, இரவு.

நாளை குளத்தில் படகுப் போட்டி. நீந்தத் தெரியாதவர்கள் ஏறக் கூடாது என்பது பொலிஸ் கட்டளை. என் கையெழுத்து அழகு என்று பெயர்ப்பட்டியல் எழுதும் வேலையைப் போட்டி நடத்துபவர்கள் என்னிடம் கொடுத்தார்கள். மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அண்ணனுக்கு இடுப்பளவுத் தண்ணீர் என்றாலே பயம்.

"எனக்கும் நீந்தத் தெரியும்னு போடு தங்கச்சி. கரையில நின்னா பயந்தாங்கொள்ளின்னு பேர் வச்சிருவானுங்க."

போட்டேன்.

மாலையில் பட்டியலை வாங்கிய சிங்களப் பொலிஸ் சார்ஜன், "எல்லாருக்கும் நீந்தத் தெரியுந்தானே நங்கி?" என்றார். அவர் மொழியில் நங்கி என்றால் தங்கச்சி. ஆமென்று தலையை ஆட்டினேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அண்ணன் துடுப்பைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறான். படகு கவிழ்ந்தால் அவனைக் கொன்றது என் பேனாதான். விடிந்ததும் சார்ஜனிடம் போக வேண்டும். அப்போதும் வாய் வராது. இந்தத் தாளிலேயே எழுதிக் கிழித்துக் கொடுக்கிறேன்:

ஐயா, ஏழாவது பெயரை வெட்டிவிடுங்கள். அவனுக்கு நீந்தத் தெரியாது. பொய் எழுதியது நான்.