ஆறுமணிக்குருவி கிளம்பிய நாள்

மச்சான்,

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். பனிக்காலத்துக்கு நம் பக்கம் வரும் ஆறுமணிக்குருவி இனி வருஷா வருஷம் முந்திக்கொண்டு வடக்கே கிளம்பிவிடும் என்று செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸும் கையுமாக நான் அடித்துச் சொன்னேனா இல்லையா? நீ சிரித்தாய்.

இன்று காலை மாமல்லபுரம் ரோட்டு முந்திரித் தோப்பைத் தாண்டும்போது பழ வாசம் மூக்கில் ஏறியது. உடனே உன் நினைப்பு. சரியாக ஆறு மணிக்குப் புதருக்குள்ளிருந்து இரண்டு சீட்டி. சித்திரை பிறந்துவிட்டது, அந்தச் சனியன் இன்னும் போகவில்லை! என் மானத்தை வாங்கவென்றே உட்கார்ந்திருக்கிறது.

நான் எட்டாவதோடு நின்றவன். நீ கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் மீட்டர் பார்த்தவன். ஆனாலும் குருவி விஷயத்தில் நான்தான் உனக்குக் குரு. நான் ஓட்டிய மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஹாரன் அடித்தால் குருவி பதில் கொடுக்கும். அதை நீ கடைசிவரை நம்பவில்லை. உனக்கு எல்லாவற்றுக்கும் நோட்டு வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து சத்தமில்லாமல் போனால்தான், அதற்கு முந்தின நாளைக் கிளம்பிய நாளாக எழுதுவாய்.

"நேத்து கத்தல மச்சான், எழுதிட வேண்டியதுதானே?" என்றேன் ஒருமுறை.

"நீகூடத்தான் தூங்கும்போது பேசமாட்ட. செத்தா பூட்ட?" என்றாய்.

நேற்று கூடுவாஞ்சேரியிலிருந்து உன் பெண் போன் செய்தாள். பறவைக் கணக்கு எடுப்பவர்களுக்கு உன் நோட்டை இன்று சாயங்காலம் அனுப்பப் போகிறாளாம்.

"மாமா, எல்லா வருஷமும் சித்திரையில போயிருக்கு. அப்பாவோட கடைசி வருஷம் மட்டும் பங்குனி பாதியிலயே போயிடுச்சுன்னு கீது. அது உங்க கையெழுத்து. மூணு நாள் போய்க் கேட்டீங்களா?"

"மூணா? அஞ்சு நாள் போனேம்மா!"

"அப்போ சரி மாமா. அப்பா நோட்டுல பொய் இருக்காது."

வைத்துவிட்டாள். குருவி மேல் கோபம், அவள் மேல் கோபம், எல்லாவற்றையும் எழுதிவைத்த உன் மேலும்தான். அந்த ஒற்றை வரியைக் காட்டித்தானே இத்தனை வருஷமாக ஊரெல்லாம் ஜெயித்தவனாகத் திரிந்தேன்!

அந்தக் கடைசிப் பங்குனியில் ஒரு நாள், ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டு எழுந்தாய். "என்னைத் தோப்புக்கு இட்டுகினு போடா. அது கீதா, போயிடுச்சான்னு கேக்கணும்" என்றாய். நிற்கக்கூட முடியவில்லை உன்னால்.

"அது எப்பவோ போயிடுச்சு மச்சான். நான் சொன்னனே, முந்திக்கும்னு."

என் முகத்தையே பார்த்தாய். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினாய். "அப்போ நீயே எழுது."

சாயங்காலத்துக்குள் உன் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும். முதலில் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் நான் ஒரு நாள்கூடத் தோப்புப் பக்கம் போகவில்லை. உன்னைப் படுக்கவைக்கத் தேதியை நானே போட்டேன். உன்னை எரித்துவிட்டு வந்த மறுநாள்தான் போனேன். ஆறு மணிக்குக் கூவியது, மச்சான்.